பட்டவன் வீட்டுக்கு ஒரு பங்கு

தீர்த்தமலை என்றதும் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, பாறை உச்சியிலிருந்து விழும் இராமர் தீர்த்தம். அகத்தியர், குமாரர், கௌரி, அக்கினி என்ற பெயர்களில் மற்றத் தீர்த்தங்களும் அங்கே உண்டு. அருணகிரிநாதர் பாடிய தலம். தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் மலைமேல் இருக்க, அடிவாரத்திலும் ஒரு கோயில். கொஞ்சத் தொலைவில் தென்பெண்ணை. இதெல்லாம் ஊரறிந்த செய்தி. ஆனால் அரூர், ஊத்தங்கரை, செங்கம், தண்டராம்பட்டு என்று இந்த மலையைச் சுற்றி விரியும் மேட்டு நிலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வேலையில் உயிர்விட்டவனை, அவனிடம் வேலை வாங்கியவர்கள் எப்படி நினைத்தார்கள், அவன் வீட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும் பழைய சான்றுகள் இங்கே வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. அவை நடுகற்கள்.

தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த வட்டாரம் இது. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்ட பிறகுதான் இந்தக் கற்களின் பேச்சு வெளியுலகுக்குக் கேட்கத் தொடங்கியது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் நாலைந்து வரிகள். அவற்றின் அருகில் வில்லும் வாளும் ஏந்திய ஒரு மனித உருவம். எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் ஆள், எந்தச் சண்டையில் பட்டான் என்பதே பெரும்பாலும் செய்தி. மாடு மீட்கப் போய் மடிந்தவர்களே அதிகம். அவர்களில் பலர் அரசர்களோ தலைவர்களோ அல்ல. இன்னாருக்குச் சேவகன், இன்னாருக்கு இளமகன் என்று குறிக்கப்பட்டவர்கள்; அதாவது ஒருவரிடம் வேலை பார்த்தவர்கள். மாடு அந்த நாளில் செல்வம். அதைக் காப்பதுதான் அவர்கள் வேலை.

தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் உள்ள கல் பலருக்கும் தெரிந்திருக்கும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்ட செய்தியோடு, கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் அந்தக் கல் பதிவு செய்திருக்கிறது. நாயின் உருவமும் அதில் உண்டு. தொழுவத்துக்குக் காவல் இருந்த ஒரு விலங்கின் உழைப்பையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று ஏழாம் நூற்றாண்டில் யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

கல் நட்டால் மானம் நிற்கும், அடுப்பு எரியுமா? அதற்காகத்தான் நிலம் கொடுத்தார்கள். போரில் பட்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி, இரத்தக்காணி என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதி. எல்லை தாண்டிக் கன்னட நாட்டுக்குப் போனாலும் இதே வழக்கம் ‘நெத்தரு கொடகெ’ என்ற பெயரில் இருந்தது. பெங்களூரு அருகே பேகூரில் கிடைத்த, இப்போது அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் கங்கர் காலக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நுளம்பன் பீரமகேந்திரனோடு நடந்த போரில் நாகத்தரன் என்ற தலைவன் பட்டான். அவன் வகித்த பட்டத்தை இருகன் என்பவனுக்குக் கட்டி, 12 ஊர்களையும் கொடுத்தான் கங்க மன்னன் எரெயப்பன். அந்த நுளம்பர்கள் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்டவர்கள்.

இந்த வழக்கம் போர்க்களத்திலிருந்து கோயிலுக்குள் நுழைந்தபோது அதன் முகம் மாறியது. சோழர் காலத்தில் பெரிய கோயில் என்பது நூற்றுக்கணக்கானோருக்குப் படியளந்த இடம். அங்கே யாரும் வாளேந்திச் சாகவில்லை. பாடியவர், ஆடியவர், விளக்கேற்றியவர், சட்டி பானை வனைந்தவர் என்று அன்றாட வேலை செய்தவர்கள் முதுமையிலும் நோயிலும் இறந்தார்கள். அவர்களுக்குப் பின் என்ன?

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர் இதற்குப் பதில் சொல்கிறது. இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது வாழ்வின் இறுதிக் காலத்தில், பிறப்பித்த ஏற்பாடு அது. நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பாடும் பெண்கள், தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு வேலி நிலத்தின் விளைச்சல். நட்டுவர், வாத்தியக்காரர், கணக்கர், சோதிடர், தச்சர், கன்னார், தையற்காரர், குயவர், நாவிதர், வண்ணார் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பங்கு என்று கணக்கும் இருக்கிறது.

பட்டியலோடு சேர்த்து வைத்த விதிதான் கவனிக்க வேண்டியது. பங்குக்காரர் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்கு வேலைக்கான தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே தேர்ந்து வேலை நடத்த வேண்டும். நெருங்கிய உறவே இல்லாதவர் என்றால், அதே வேலையில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தக்க ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆள் பங்கைப் பெறுவார்.

மூன்று படிகள், மூன்றிலும் ஒரு நியாயம். வீடு பட்டினி கிடக்கக் கூடாது. வேலை கெடக் கூடாது. காலியான இடத்துக்கு ஆள் தேடும்போது, அந்த வேலையின் நெளிவு சுளிவு தெரிந்தவர்களின் பேச்சு எடுபட வேண்டும். தேவாரத் திருப்பதியம் பாட 48 பிடாரர்களும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரும் நியமிக்கப்பட்டபோதும் இதே விதி எழுதப்பட்டது. அந்த 50 பேருக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல். அதை அரசு கருவூலத்திலிருந்து அளந்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து எத்தனையோ நிறுவனங்களின் பணி விதிகளைப் புரட்டினாலும் இந்த மூன்றாவது படி அகப்படுவது அரிது. உடன் வேலை செய்பவர்களைக் கேட்டு ஆள் எடுக்கும் நிறுவனம் இன்றைக்கும் புதுமையாகத்தான் பேசப்படுகிறது.

இறந்த பின் கவனிப்பது ஒரு பக்கம். சாகாமல் காப்பது இன்னொரு பக்கம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. தஞ்சை ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், வீரராசேந்திரன் காலத்தில், அங்கே ஒரு நீண்ட கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயருடைய மருத்துவமனை ஆகியவற்றின் வரவு செலவு அது. மருத்துவமனையில் 15 படுக்கை. படிக்கும் மாணவர்களும் கோயில் பணியாளர்களும் நோயுற்றால் அங்கே கிடந்து சிகிச்சை பெறலாம். நோயாளிக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய விளக்கு. மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன: தசமூல அரிதகி, பல்லாதக அரிதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், பழைய நெய்.

அங்கே வேலை பார்த்தவர்களின் ஊதியமும் சுவரில் இருக்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, கூடவே நிலம். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களுக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் 15 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. நாளுக்கு மூன்று குறுணி வீதம் 360 நாளைக்குப் போட்டால் சரியாக 90 கலம். மரக்கால் ஊருக்கு ஊர் மாறியிருக்கலாம் என்றாலும், நெல் கணக்கில் தஞ்சையில் பதிகம் பாடியவரும் திருமுக்கூடலில் நாடி பார்த்தவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்திருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் பக்கத்திலேயே இருந்த பெண்களுக்குக் கிடைத்தது குறைவு. மருத்துவமனைகளில் அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் ஒழியவில்லை.

இந்தக் கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுபவர்கள், இன்னும் சில சுவர்களையும் படிக்க வேண்டும். திருப்பாம்புரம் கோயிலில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டுக்குரிய ஒரு கல்வெட்டு உண்டு. பஞ்சத்தில் ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நேரம். ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். பங்குக்காரரின் உறவினருக்கு வேலை வந்தது. அடிமையின் பிள்ளைக்கு அடிமைத்தனம் வந்தது. இரண்டையும் எழுதியது ஒரே உளிதான்.

தஞ்சை விதியிலும் காலப்போக்கில் ஒரு பாதி மட்டுமே தங்கியது. உறவு என்ற சொல் வேரூன்றியது. தகுதி என்ற சொல் தேய்ந்தது. பிற்காலக் கோயில்களில் தாயின் பணி மகள் மேல் விழுந்து, விலக வழியில்லாத கட்டாயமாக இறுகியது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அர்ச்சகர் பணி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் பரம்பரை உரிமையைத் தமிழ்நாடு அரசு 1971இல் சட்டத் திருத்தம் செய்து நீக்கியது. சேஷம்மாள் வழக்கில் 1972இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், நியமனம் என்பது உலகியல் செயல், அதில் பரம்பரை உரிமையை நீக்கலாம் என்று அந்தத் திருத்தத்தை ஏற்றது. உறவை வைத்து எழுதிய ஒரு பாதுகாப்பு, உறவல்லாதவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் கதவாக மாற எத்தனை நூற்றாண்டு பிடித்ததோ, அதைத் திறக்கவும் அவ்வளவு பாடு.

கோயிலுக்கு வெளியே, 19ஆம் நூற்றாண்டில், நிலைமை இன்னும் கொடியது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதுவரை தீர்த்தமலை சேலம் மாவட்டத்து ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் திருச்சி, தஞ்சை, மதுரைச் சீமைகளைப் போலவே சேலத்திலும் ஊர் ஊராக நடந்தார்கள். வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளி பேரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்ற வேண்டுமானால், இவர்கள் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் காகிதம் வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். நெய்த்தோர்பட்டி காலத்தில் இறந்தவன் வீட்டுக்கு நிலம் வந்தது. துண்டு முறையில் உயிரோடு இருப்பவனின் கடன் குடும்பத்தையே கட்டிப் போட்டது. இலங்கைச் சட்டம் துண்டை ஒழித்தது 1921இல்.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் முதல் மாற்றம். அதற்கு முன், ஆலையிலோ சுரங்கத்திலோ ஒருவர் இறந்தால், முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிப்பது விதவையின் பொறுப்பு. புதிய சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்று வரம்பு வைத்தது. கஞ்சத்தனமான வரம்புதான். ஆனால் ஒரு விதியில் மட்டும் சட்டம் எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது. மரணத்துக்கான தொகையை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் ஐம்பதோ நூறோ திணித்துக் கைரேகை வாங்கும் வழக்கத்தை அறிந்தவர்கள்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

அதன் பிறகு வேகம் கூடியது. 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. இன்று எச்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நாற்காலிக்கு முன்னோடி அவர். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1955இல் கோவையில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தது. வேலை விபத்தில் இறந்தவரைச் சார்ந்தவர்களுக்கு மாதந்தோறும் பணம் என்ற ஏற்பாடு அதில் அடங்கியது.

அரசுப் பணியில் கருணை அடிப்படை நியமனம் வந்தது. தஞ்சைக் கல்வெட்டின் முதல் படியைப் பார்த்தால் அதற்கு இது பேரன் முறை. 1994இல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையை வரைந்தது. சம்பாதித்தவர் திடீரென்று போனதால் தத்தளிக்கும் குடும்பத்தைக் கரை சேர்ப்பதே இதன் நோக்கம். வேலை வாரிசுச் சொத்து அல்ல. தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க 3 ஆண்டு காலம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக அலையும் குடும்பத்துக்கு அந்த 3 ஆண்டு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதை, இறந்தவரோடு வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அவர்களில் ஒருவர் கூடவே நடந்தால் பாதி வேலை முடிந்துவிடும். இதைப் பணியாளர் பிரிவின் கடமையாகவே எழுதி வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

அரூர் வட்டத்திலிருந்து இளைஞர்கள் இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். வேலைக்குச் சேரும் நாளில் நிரப்பும் படிவக் கட்டில் ஒன்று வருங்கால வைப்பு நிதிக்கான நாமினிப் படிவம். இருபது வயதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். திருமணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்பது வைப்பு நிதித் திட்டத்தின் விதி. இது தெரியாமல், கணவனை இழந்த பெண்ணும் மகனை இழந்த தாயும் ஒரே தொகைக்காக எதிரெதிரே நிற்க நேர்ந்தால், அந்த உறவைப் பிறகு எந்தச் சமரசமும் ஒட்டவைக்காது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் ஊழியரிடம் வாழ்த்துச் சொல்லும் கையோடு நாமினிப் படிவத்தையும் நீட்டுவது, ஒரு எச்.ஆர். அலுவலர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு எச்.ஆர். கிடையாது. அவர்களுக்கு எல்லாம் மேஸ்திரிதான். ஆள் எடுப்பது, அட்வான்ஸ் கொடுப்பது, வாரக்கூலி பிரிப்பது, காய்ச்சல் வந்தால் ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பல மேஸ்திரிகள் அதே ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள். ஊரில் முகம் காட்ட வேண்டும் என்ற அச்சமே அங்கே விதிமுறை. சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், அந்த அச்சம் எவ்வளவு தூரம் தாங்கும்?

அதற்காகத்தான் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் சிலவற்றை வெளிப்படையாக எழுதியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒப்பந்ததாரர் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டியிருந்தது. வேலையிடம், கூலி, ஊர் திரும்பும் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்றது சட்டம். உயிரிழப்போ பெரும் காயமோ நேர்ந்தால், இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தகவல் சொல்ல வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமையாக இருந்தது. ஊர், தெரு, வீடு வரை குறித்து வைத்த தஞ்சைக் கணக்கர்களின் கவனம் இந்தச் சட்ட வாசகத்தில் இருந்தது. கட்டட வேலைத் தளங்களில் அது இருக்கிறதா என்றால், மேஸ்திரியின் கைப்பேசியில் உள்ள பெயர்களே பல இடங்களில் முழுப் பதிவேடு.

தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. பதிவு செய்தவர் விபத்தில் இறந்தாலும் இயற்கையாக இறந்தாலும் நியமனதாரருக்கு உதவித்தொகை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உண்டு. பதிவு காலாவதி ஆகாமல் புதுப்பித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெங்களூரில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்பவர் புதுப்பிக்கும் நாளைத் தவறவிடுவது எளிது. அட்டை வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்பது மனைவிக்கோ பெற்றோருக்கோ தெரிந்திருக்க வேண்டும். தீர்த்தமலை மாசித் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.